குப்பிக்குள் அரைமணி

பழத்தோட்டத்தில் அவளைக் கலவைக்காரி என்றே அழைப்பர். பதினெட்டு ஆண்டுகளாகப் பூச்சிமருந்து கலப்பவள். இரண்டு மருந்துகளைத் தொட்டியில் சேர்க்குமுன், அதே விகிதத்தில் கண்ணாடிக் குப்பியிலிட்டுக் குலுக்கி, அரைமணி நேரம் அசையாது வைப்பாள். பாலாய் ஒன்றி நின்றால் தொட்டிக்குப் போகும், திரிந்தால் போகாது.

அவள் கணவன் முதுகுத் தெளிப்பான் சுமப்பவன். திரிந்த மருந்து தெளிப்பு முனையை அடைத்தால், அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவது அவன் கைப்பழக்கம். சென்ற பருவத்தில் அப்படி ஊதியே மூன்று நாள் நினைவின்றிக் கிடந்தான். 'இன்னொரு முறை உடம்பு தாங்காது' என்று மருத்துவர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அன்று கிணறு வற்றிப் புதிய ஆழ்குழாயின் உப்புநீர் வந்திருந்தது. காற்று எழுமுன் தெளித்தாக வேண்டும். தோட்டத்து மேஸ்திரி காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர்போல் பறந்தார்.

"குப்பியப் பாத்துக்கிட்டே இருந்தா பூச்சி செத்துடுமாக்கா? பால் மாதிரித்தானே இருக்கு?"

"இன்னும் பத்து நிமிஷம் தம்பி. தண்ணி புதுசு, எனக்கு நம்பிக்கையில்ல."

"காத்து உங்க குப்பிக்காக நிக்காது."

அளவுக்குவளை எடுக்கக் கிடங்கினுள் சென்று அவள் திரும்புகையில், மேஸ்திரியே மருந்தைக் கலந்து தெளிப்பானை நிரப்பி அவள் கணவனை அனுப்பியிருந்தார். குப்பியைப் பார்த்தாள். மேலே எண்ணெய்ப் படலம்; அடியில் வெண்கட்டிகள்.

ஓடினாள். கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் வரிசையில் அவன் நின்றிருந்தான். முகமூடி தாடையில் கிடந்தது. கழற்றிய முனை உதட்டருகே உயர்ந்தது.

"ஏங்க! வாயில வைக்காதீங்க!"

தலைப்பாகை காதை மூடியிருந்தது. பாய்ந்து அவன் கையில் அடித்தாள். முனை சேற்றில் விழுந்தது.

"என்னடி, புருஷனையே அடிக்கிற அளவுக்கு வந்துட்டியா?" என்று அவன் சிரித்தான். புட்டியிலிருந்த குடிநீரால் அவன் உதட்டை மும்முறை கழுவியபடியே, மருத்துவர் சொன்னதைச் சொன்னாள்.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க பயப்படுவீங்கன்னு நெனச்சேன். இப்பப் பயப்படுங்க."

பின்னால் வந்த மேஸ்திரியின் கையில் அக்குப்பி இருந்தது. தலை நிமிராமலே, "திரிஞ்சிடுச்சுக்கா," என்றார்.

மறுநாள் அவன் கழுத்தில், அடைப்பு நீக்கப் பழைய பல்துலக்கி ஒன்று கயிற்றில் தொங்கியது. முடிச்சை அவளே போட்டிருந்தாள். குப்பியருகே கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்து மேஸ்திரி அமர்ந்திருந்தார். அன்று யாரும் அவசரப்படுத்தவில்லை.