ஆமா போட்ட முத்துலட்சுமி

சென்ற மாதம் ஒரு காலை, கோவில்பட்டியில் கழுகுமலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது செல்வியிடமிருந்து போன் வந்தது. "சார், முத்துலட்சுமி அக்கா போயிட்டாவ. வாசல் தெளிக்கப் போனவிய அப்படியே சாஞ்சிட்டாவளாம்." நான் ஏற வேண்டிய பஸ்தான் அவர் வீட்டுக்கும் போவது. ஏறி உட்கார்ந்தேன்.

செல்வியின் வில்லுப்பாட்டைக் கேட்டவர்களுக்கு முத்துலட்சுமியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கேளாதவர்களுக்குச் சொல்கிறேன். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். கோயில் கொடைத் திருவிழா நாட்களில் செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கதை சொல்லச் சொல்ல, வரிக்கு வரி "ஆமா" போடுவார்.

நான் பள்ளியில் இசை கற்பித்து ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த செல்வி கூப்பிட்டதால், குழுவில் ஆர்மோனியம் வாசிக்கச் சேர்ந்தேன். எனக்குப் பாட்டுதான் இசை. இடையில் வரும் பேச்சு, பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும் நேரம். அது சும்மா கிடக்க வேண்டாமே என்று பேச்சுக்கு மேலேயே வாசித்துத் தள்ளுவேன். ஒருநாள் முத்துலட்சுமி சொன்னார்: "சார், உங்க பொட்டி நல்லாத்தான் பேசுது. செல்வியையும் கொஞ்சம் பேச விடுங்க." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

அந்தக் கடுப்பில்தான் செல்வியிடம், "ஆமா சொல்ல ஒரு ஆளா? நானே சொல்லிவிடுகிறேன், வேனிலும் இடம் கிடைக்கும்" என்றேன். வாத்தியார் சொல்லைத் தட்டத் தெரியாத பெண், தலையாட்டிவிட்டாள். முத்துலட்சுமி அடுத்த கொடைக்கு வரவில்லை.

அது கயத்தாறு பக்கம் ஒரு மதியக் கொடை. பிள்ளைத்தாய்ச்சித் தங்கை, வளைகாப்புக்கு அண்ணன் வருவான் என்று வழி பார்த்து நிற்கும் கதை. கடைசிவரை அவன் வரமாட்டான், கதையே அதுதான். நான் சுருதி பிசகாமல் ஆமா போட்டுக்கொண்டிருந்தேன். செல்வி குரலை இறக்கி, "பொழுதும் சாஞ்சிட்டு. அண்ணங்காரன் வந்தானா?" என்றாள்.

"ஆமா!" என்றேன்.

பந்தலே சிரித்தது. கண்ணைத் துடைக்க முந்தானையைத் தூக்கியிருந்த பெண்கள் அதை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டார்கள். செல்வி சமாளித்தாள்: "சாருக்கு நல்ல மனசு. ஆனா வந்தது எதுத்த வீட்டு ஆடு." அதன்பின் தங்கை உயிரைவிட்டபோதுகூட யாரும் அழவில்லை.

மறுநாள் முத்துலட்சுமி வீட்டுக்குப் போனேன். சேதி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. "வாங்க சார், அண்ணன் வந்துட்டானா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மன்னிப்புக் கேட்டேன். சிரிப்பு அடங்கியது. "பகலெல்லாம் வாயப் பொத்திக்கிட்டு வேல பாக்கேன் சார். பந்தல்ல உக்காந்தாத்தான் எனக்கு உசுரு வருது. அத எடுத்துட்டீங்களேன்னு நேத்து சோறு எறங்கல" என்றார். அவரே காபியை நீட்டி, "ஆமா சொல்லுதது லேசு. அதுக்கு முன்ன கதையக் கேக்கணும், அதாம் பாடு" என்றார்.

அவர் திரும்பி வந்த அடுத்த கொடையில் பேச்சு தொடங்கியதும் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டேன். முத்துலட்சுமியிடம் ஒரு ஆமாவா இருந்தது? சந்தேகப்படும் ஆமா, எனக்கு அப்போதே தெரியும் என்கிற ஆமா, அழுகையை விழுங்கிய ஆமா. அண்ணன் வந்தானா என்ற இடத்தில் "ச்சு" மட்டும் கொட்டினார். செல்வியின் பேச்சு அதில் காலூன்றி அடுத்த வரிக்குப் போனது. பேச்சு எப்போது பாட்டானது என்று இத்தனை வருட வாத்தியாருக்குத் தெரியவில்லை. அறுபதுக்கு மேல் இப்படியொரு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை. அதற்குப் பிறகு ஆறேழு வருடம், பேச்சு எப்போது வரும் என்று காத்திருந்துதான் பாட்டுக்கு வாசித்தேன்.

போன வாரம், அவர் இல்லாத முதல் கொடை. செல்வி வில்லைத் தட்டிவிட்டு, கதைக்குள் போகுமுன் என் பக்கம் திரும்பினாள்.

"கழுகுமலையில முத்துலட்சுமின்னு ஒரு அக்கா இருந்தாவ."

உடுக்கை நின்றது. பந்தல் காத்திருந்தது. அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான். பெட்டியிலிருந்து கையை எடுத்தேன்.

"ஆமா" என்றேன். சுருதி சேரவில்லை. செல்வி அடுத்த வரிக்குப் போனாள்.