மேயருக்கு இடமில்லாத கணினி

உருகுவேயின் மெலோ ஊரில், ரயிலடி வாசகசாலையின் பதினான்கு கணினிகளையும் எல்பியோ தெசேராதான் பார்த்துக்கொள்கிறான். காலையில் மாத்தே தேநீர்க் குடுவையும் வெந்நீர்க் குடுவையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுவான். எல்லாமே லினக்ஸ். அதில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த வெளியீட்டிலிருந்து வரவேண்டும் என்று ஒவ்வொரு கணினியிலும் அவனே கையால் எழுதிவைத்திருக்கிறான். மற்றதெல்லாம் விடிவதற்குள் தானாக நடந்துவிடும். கதவின் கீலைப்போல, யாரும் அவன் வேலையைப் பார்ப்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மழை. மழை என்றால் நூலகர் சுல்மா கொழுப்பில் பொரித்த தோர்த்தா ரொட்டி கொண்டுவருவாள். ஊர்க் குடும்பங்களின் பழைய புகைப்படங்களைப் பதினோரு வருடமாகச் சேர்த்துப் பட்டியலிட்டு வருபவள். அந்தப் பட்டியல் இப்போதைய வெளியீட்டில் மட்டும்தான் திறக்கும். அதைப் புதியதற்கு ஏற்ப மாற்றியெழுத எல்பியோவுக்கு இன்னும் இரண்டு மாதம் வேண்டும்.

"நாளைக்குப் புது வெளியீடு வருதாமே கிழவா, என் படப் பட்டியலுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"ஆகாது அம்மணி. எல்லாத்துலயும் பேரெழுதி வெச்சிருக்கேன்."

சொல்லிவிட்டாலும், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். பதிமூன்றும் சரி. பதினான்காவது சுல்மாவுடையது. போன வருடம் பழையது புகைந்துபோனபோது அவசரத்தில் வைத்தது. வெளியீட்டின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், 'நிலையானது' என்ற பொதுச்சொல்; அந்தந்த நேரத்தில் எந்த வெளியீடு நடப்பில் இருக்கிறதோ அதைக் குறிப்பது.

"என்ன, மூஞ்சி செத்துப்போச்சு?"

"மத்ததுலயெல்லாம் ஆளோட பேரை எழுதியிருக்கேன். உன்னோடதுல மட்டும் 'மேயர்'னு பதவியை எழுதின மாதிரி ஆயிடுச்சு. நாளைக்கு மேயர் மாறுறாரு. புதுசா வர்றவரு மொத்த வீட்டையும் மாத்திடுவாரு."

"அட பாவி! ஒரு வருஷமா எவன் வந்தாலும் சரின்னா என்னை உட்கார வெச்சிருந்தே?"

எல்பியோ சிரித்துக்கொண்டே முதல் வரியில் பெயரை எழுதினான். பாதுகாப்பு வரியிலும் எழுதினான். அதை விட்டால் பாதி வேலைதான். பிறகு திருத்தங்களைக் கேட்டு வாங்கினான். ஏழு வந்தன. ஏழும் இப்போதைய வெளியீட்டுக்கானவை. சுல்மா பட்டியலைத் திறந்தாள். யாரோ ஒரு ரயில்வே தொழிலாளியின் கல்யாணப் படம் திரையில் வந்து நின்றது.

"இந்தா, தின்னு. ஆறிப்போச்சு."

திங்கட்கிழமை உலகம் புது வெளியீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. சுல்மாவின் கணினியில் சின்னதாக இரண்டு திருத்தங்கள் மட்டும் இறங்கியிருந்தன. படம் அப்படியே திறந்தது. திரையின் ஓரத்தில் அவள் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தாள்: 'இங்கே மேயருக்கு இடமில்லை.'

எல்பியோ அதைக் கிழிக்கவில்லை. மாத்தேயில் வெந்நீரை ஊற்றினான்.