கப்பல் அண்ணையின் பெயர்

சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் கணவரும் ஜெர்மனியின் பிராங்பேர்ட்டில் ஒரு சிறிய உணவகம் தொடங்கினோம். பியரும் உண்டு, ஆட்டிறைச்சிப் பிரட்டலும் உண்டு. யாழ்ப்பாணத்தாரும் இந்தியத் தமிழரும் அங்கே சொந்தக்காரர்போலப் பழகுவார்கள்.

தினமும் மாலையில் வரும் ஒருவர் முன்பு கப்பலில் வேலை செய்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் 'கப்பல் அண்ணை'. பக்கத்துத் தெரு ஒன்றில் தனியாக இருந்தார். அடையாள அட்டையோ போனோ கொண்டுவர மாட்டார்.

ஒருநாள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே மேசையில் சரிந்தார். ஆம்புலன்ஸ் உடனே வந்தது. அவருடைய பெயரையும், யாருக்கு அறிவிப்பது என்பதையும் கேட்டார்கள். கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மருத்துவமனையில் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். போலீசார் வீட்டைத் தேடிப் பிடித்து, பான் நகரிலிருந்த மகளுக்குச் சொல்வதற்குள் உயிர் போய்விட்டது. ரயிலில் வந்தால் இரண்டு மணி நேரம்தான்.

அந்த மகள் எங்களைத் தேடி வந்தாள்.

"அப்பா எப்பவும் உங்களைப் பற்றித்தான் கதைப்பார், அக்கா. அவரின்ர பெயரை ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை," என்றேன். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்போது யார் இரண்டாம் முறை வந்தாலும், "உங்கட முழுப்பெயர் என்ன? ஏதும் நடந்தா ஆருக்குச் சொல்லவேணும்?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். தனியாக இருப்பவர்கள் பதில் சொல்ல நேரமெடுக்கிறார்கள். சொல்லும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.