ரிமோட் குரல் கொடுக்கும் என்றவர்

காலை லோக்கலில் ஆவடியிலேயே ஏறிவிடும் கோஷ்டி, அவருக்காக ஜன்னலோரத்தில் துண்டு போட்டு வைத்திருக்கும். அவர் அண்ணனூரில் ஏறுவார். அதே அண்ணனூரில் ஏறும் எனக்கு யாரும் ஒரு நாளும் இடம் பிடித்ததில்லை.

ஒல்லியான ஆள். எதையும் சொல்வதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அதுவரை அத்தனை பேரும் காத்திருப்பார்கள். டிவியில் செருகிப் படம் பார்க்கும் டப்பாவில் புது மாடல் வரப்போகிறது என்று அந்த மாதம் முழுக்க அதே பேச்சு.

"ரிமோட் சோபாவுக்கு அடியில பூட்ச்சுன்னு வெச்சுக்க. நீ கூப்ட்டா, இங்க கீறேன்னு அதுவே குரல் குடுக்கும் மாமே!"

பழைய மாடல் என் வீட்டில் மூன்று வருடமாக ஓடுகிறது. அதைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

புதியது கடைக்கு வந்த அன்றே வாங்கினேன். மறுநாள் ரயிலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அண்ணாத்தே, நான் வாங்கிட்டேன். ரிமோட் வாயே தொறக்கல."

அவர் முகம் சுண்டும் என்று பார்த்தேன். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இதுல குடுக்கலியா? அப்ப அடுத்த மாடல்ல கண்டிப்பா கீது. அதுல வேற இன்னா வருது தெரியுமா?"

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. வாங்கியவனை ஒருவரும் பார்க்கவில்லை.

இப்போதும் வீட்டில் ரிமோட் காணாமல் போனால், தேடுவதற்கு முன் ஒரு நொடி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவரை நான் மன்னிக்காதது அதற்காகத்தான்.