மடியில் மூச்சு மிசின், பன்னிரண்டு கிலோமீட்டர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிப்பீர்கள். பன்னிரண்டு கிலோமீட்டர், பஸ்ஸில் அரை மணி நேரம், அவ்வளவுதான். ஆனால் அங்கே என் மனைவி இருக்கும் அறையில் நான் கண்ணை மூட எட்டு மாதம் ஆனது. இது 1997 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

எங்கள் வீடு ஒரே அறை. என் குறட்டையில் செண்பகத்துக்குத் தூக்கமே கிடையாது. காலையில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வேண்டியவள். பத்து நாள் தூங்கிவிட்டு வருகிறேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனவள் எட்டு மாதமாகத் திரும்பவில்லை. திங்கட்கிழமை அங்கேயே ஒரு வாடகை வீட்டுக்குச் சாவி வாங்கப் போகிறாள் என்று தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமையே மிசினைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சாவி வாங்கிவிட்டால் வரமாட்டாள்.

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். முகத்தில் மாஸ்க் மாட்டிக் காற்றை ஊதும் சிபாப் மிசினை வெளிநாட்டிலிருந்து சித்தப்பா மகன் கொண்டுவந்து கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நானோ நூல் மில்லில் ஃபிட்டர். காற்று கசிந்தால் இறுக்குவதுதான் என் தொழில். மாஸ்க்கையும் இறுக்கினேன். அப்படியும் கசிய, ஓரத்தில் மில் பஞ்சைத் திணித்தேன். மூக்கு புண்ணானது, இரவெல்லாம் தும்மல்.

பத்தே முக்காலுக்குப் பஸ். டிக்கெட் இரண்டு ரூபாய்.

"அண்ணாச்சி, பெட்டியில என்ன?" என்றார் கண்டக்டர்.

"மூச்சு மிசின். எனக்குத்தான்."

லக்கேஜ் டிக்கெட் போட வந்தவர் என் மூக்கைப் பார்த்துவிட்டு, "மடியிலயே வச்சுக்கோங்க" என்று நகர்ந்தார்.

அண்ணன் வீட்டு வாசலில் செண்பகமும் பெட்டியைப் பார்க்கவில்லை. "என்னங்க இது, தோலு உரிஞ்சு கெடக்கு?"

"காத்து கசியுது. இறுக்கிக்கிட்டே போனேன்."

"மில்லு பைப்புன்னு நெனச்சீகளா? மூஞ்சிங்க!"

சாப்பிட்டதும் இரண்டு மணிக்கு என்னைப் படுக்க வைத்தாள். மிசினை ஓடவிட்டு, பட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். மாஸ்க்கை லேசாகத் தூக்கி மறுபடி உட்காரவிட்டாள். கசிவு நின்றது! ஊரே பேண்டேஜ் துணி நெய்கிறது; ராஜபாளையத்துக்காரன் பையில் அதற்கா பஞ்சம்? அதை இரண்டாக மடித்து மூக்குத்தண்டில் வைத்தாள். மூக்கில் அவள் விரல் பட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் விழித்தபோது மணி நாலரை. பக்கத்துப் பாயில் செண்பகம் தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக ஏங்கியது இதற்குத்தான். எழுந்தால் அவள் விழித்துவிடுவாளே என்று மாஸ்க்கைக் கழற்றாமல் அப்படியே கிடந்தேன்.

அவள் அண்ணன் வந்து வெளியிலிருந்தே சாவி விஷயமாகக் குரல் கொடுத்தார்.

"இப்ப வேண்டாம்ண்ணே," என்று எழுந்து உட்கார்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பத்து நாள் விடாமப் போடுங்க. புண்ணு ஆறியிருந்தா நானும் வாரேன்" என்றாள்.

ஆறு மணி பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன்.

இப்போது மிசின்கள் சிறிதாகிவிட்டன, ஆனால் மூக்கு அதே மூக்குதான். வாங்கியதும் பகலில், விழித்திருக்கும்போதே செத்த நேரம் போட்டுப் பழகுங்கள். படுத்தபடி, மிசின் ஓடும்போதே மாஸ்க்கைப் பொருத்துங்கள். கசிந்தால் இறுக்காதீர்கள், முதலில் தளர்த்திப் பாருங்கள். பஞ்சு கிஞ்சு திணிக்கவே வேண்டாம். அப்படியும் புண் வந்தால் டாக்டரிடம் வேறு அளவு மாஸ்க் கேளுங்கள். பஸ்ஸில் மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்; மேலே போட்டால் குலுங்கும்.

புண் ஏழே நாளில் ஆறியது. மீதி மூன்று நாளும் கண்ணாடி முன்னாலேயே நின்றேன். பத்தாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், துணிப்பெட்டியும் கையுமாகச் செண்பகம் அங்கேயே நிற்கிறாள். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, முதலில் மூக்கைத்தான் பார்த்தாள்.