கூண் தீயல்

எங்கள் வீட்டுக்கு இப்போது காளான் பிளாஸ்டிக் தட்டில் வருகிறது. மேலே மெல்லிய கண்ணாடித் தாள் போர்த்தி, எல்லாம் ஒரே அளவில், சட்டைப் பொத்தான்களை அடுக்கி வைத்ததுபோல வெளுப்பாக இருக்கும். என் மகள் கைபேசியைத் தொட்டால் போதும், அடுப்பில் எண்ணெய் காய்வதற்குள் வாசலில் மணி அடிக்கும். அதை யார் பறித்தார்கள், எந்த மண்ணில் முளைத்தது என்று நாங்கள் கேட்பதில்லை. உறையின் பின்பக்கம் அச்சடித்த தேதியைப் பார்ப்போம். விசாரணை அதோடு முடிந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது தின்னும் பொருள் ஒவ்வொன்றும் ஓர் ஆளோடு சேர்ந்துதான் வீட்டுக்குள் நுழையும். மரச்சீனிக் கிழங்கு என்றால் நெடுமங்காட்டிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டு வரும் ஒரு பெண். நுங்கு என்றால் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வரும் பெரியப்பா. பொருள் நல்லதா என்று பார்ப்பதற்கு முன்னால் கொண்டு வந்த ஆள் எப்படி என்று பார்ப்பார்கள். அதனால்தான் மாமா கொண்டு வந்த கூண் எங்கள் வீட்டில் அத்தனை பெரிய விவகாரமாயிற்று. காளானை நாங்கள் மலையாளத்து வழக்கப்படி கூண் என்றுதான் சொல்வோம்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அப்பாவின் கணக்கில் அவர் தேறாத ஆள். அப்பா வேலை பார்த்த சாலைக்கடைத் தெருவிலேயே ஓர் இரும்புக் கடையில் அவரைச் சேர்த்துவிட்டிருந்தார். ஆணியும் கீலும் எடுத்துக் கொடுத்து அலுத்துப்போய் ஒரு நாள் மத்தியானம் சாப்பிடப் போன மாமா, கடைக்குத் திரும்பவே இல்லை. பிறகு பொன்முடி மலைக்குக் கீழே கல்லாற்றில் ஒரு சாயாக்கடையில் வேலைக்கு இருக்கிறார் என்று செய்தி வந்தது. அங்கிருந்து முதல் முறை வந்தபோது ஒரு புட்டி நிறைய காட்டுத் தேன் கொண்டு வந்தார். அது வெல்லப் பாகு. எவனோ அவரை ஏமாற்றியிருந்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது கெட்டுப் போனாலும் அப்பா அதற்குக் ‘காட்டுத் தேன்’ என்று பெயர் வைத்தார். புளித்த மோர் காட்டுத் தேன். ஒழுகும் குடை காட்டுத் தேன். அப்படிச் சொன்ன அன்று அம்மா வைக்கும் ரசத்தில் உப்பு கூடியிருக்கும்.

இடிமழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா மறுபடியும் வந்தார். கையில் தேக்கிலைப் பொதி. வாழை நாரால் கட்டியிருந்தது. முற்றத்தில் குந்தி உட்கார்ந்து, ஏதோ நகைப்பெட்டியைத் திறப்பதுபோல நிதானமாக அவிழ்த்தார். உள்ளே சாம்பல் பூத்த தொப்பியும் நீண்ட வெள்ளைத் தண்டும், அடியில் ஈர மண்ணுமாகக் கூண்கள். நானும் என் தம்பியும் அதற்கு முன்னால் கூணைப் படத்தில்தான் பார்த்திருந்தோம்.

“நானே பறிச்சது அத்தான். புத்துக்குப் பக்கத்துல ஒரே கூட்டமா முளைச்சு நின்னுது. இடி வெட்டினா வாறது” என்றார் மாமா.

அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை. “கீரைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவன் கூண் பறிச்சிருக்கான். கொண்டு போய்க் குப்பையில போடு” என்றார், தாளுக்குள்ளிருந்தே.

மாமாவின் கை பொதியின் மேலேயே நின்றுவிட்டது. காதோரம் சிவந்துபோனதை நான் பார்த்தேன். அம்மா அடுக்களையிலிருந்து வந்து, பொதியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாசற்படி தாண்டும்போதுதான், “தீயல் வைக்கேன்லே, இருந்து சாப்பிட்டுட்டுப் போ” என்றாள்.

தீயல் குழம்புக்காக அம்மா அம்மியில் வறுத்த தேங்காயை அரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் சேச்சி பின்வாசல் வழியாக வந்தாள். மலையாளமும் எங்கள் தமிழும் கலந்து பேசுகிறவள். மஞ்சள் கலந்த தண்ணீரில் மிதந்த கூணைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்தாள்.

“ஐயோ, கூணா? நோக்கி வேணும் கேட்டோ. எங்க நாட்டுல ஒரு வீட்டுல அம்மையும் ரெண்டு பிள்ளையும் கூண் தின்னு, மெடிக்கல் காலேஜ்ல கொண்டு போயிட்டும் கிட்டியில்ல.”

கிட்டவில்லை என்றால் பிழைக்கவில்லை என்று அர்த்தம். அம்மாவின் அம்மிக்குழவி ஒரு நிமிஷம் நின்றது. “இது நல்ல கூணாக்கும். மஞ்சத் தண்ணியில போட்டும் நிறம் மாறல்ல, பாத்தியா?” என்றாள் அம்மா. பிறகு குழவி மறுபடியும் ஓடியது, முன்னைவிட வேகமாக.

வறுத்த தேங்காயும் மல்லியும் சின்ன உள்ளியும் புளியில் கொதிக்கும் மணம் தெரு முழுக்கப் பரவியது. இறைச்சி மணமும் இல்லை, காய்கறி மணமும் இல்லை. மழைக்குப் பிந்திய மண் வெந்தால் எப்படியிருக்குமோ அப்படி. நானும் தம்பியும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். ஆனால் தட்டில் விழுந்தது மோர்க்குழம்பும் பப்படமும்.

“தீயல் எங்கே?”

“அது ஊறணும் மக்களே. சந்திக்குத் தாறேன்.”

சந்தி என்றால் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம். நான் முரண்டு பிடித்தேன். பிடித்தும் பயனில்லை. அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு மூலையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மோர்க்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்கள். எல்லோரும் போனபிறகு தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். அங்கே அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் தட்டில் கருஞ்சிவப்பாகத் தீயல். கொஞ்சநஞ்சமல்ல, இரண்டு பேர் தின்னக்கூடிய அளவு.

எங்கள் வீட்டில் அம்மா எப்போதும் கடைசி ஆள். சட்டியில் ஒட்டியிருப்பதைச் சோறு போட்டுத் துடைத்துச் சாப்பிடுகிறவள். அந்த அம்மா, ஊறட்டும் என்று எங்களை ஏமாற்றிவிட்டு, திருட்டுத்தனமாக உட்கார்ந்து தின்கிறாள்.

“கொதிச்சி!” என்று கத்தினேன். “அம்மா கொதிச்சி! எங்களுக்குத் தராம முதல்ல திங்கா!”

தின்பண்டத்துக்கு அலைகிறவளைச் சொல்லும் அந்த வார்த்தையைப் பெற்ற தாயைப் பார்த்துச் சொன்னதற்கு ஓர் அடியாவது விழுந்திருக்க வேண்டும். அம்மா சிரித்தாள். என் சத்தம் கேட்டு மாமா வந்து வாசற்படியில் நின்றார். அம்மாவின் தட்டைப் பார்த்தார். மூடியிருந்த தீயல் சட்டியைப் பார்த்தார். அவர் முகம் மாறியது இப்போதும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. அப்பா அத்தனை முறை காட்டுத் தேன் என்று குத்திக்காட்டியபோதும் மாறாத முகம் அது.

“எனக்கும் வையி அக்கா” என்றார்.

“இப்பந்தானே லே சாப்பிட்ட. பொறவு திங்கலாம்.”

“வையின்னேன்.”

அம்மா சட்டியைத் தன் பக்கம் இழுத்து மறைத்தாள். மாமா குனிந்து, அவள் தட்டிலிருந்தே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அம்மா அவர் கையைப் பிடித்தாள். அவர் மற்றக் கையால் அள்ளினார். இரண்டு பெரியவர்கள் ஒரு தட்டுக்காக மல்லுக்கட்டுவதை நான் முதல் முறையாகப் பார்த்தேன். ஆக, கொதி இந்தக் குடும்பத்துக்கே உள்ளது என்று முடிவு செய்து, தம்பியிடம் சொல்ல ஓடினேன்.

அதன்பின் அந்த வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பின்வாசலில் சேச்சி அப்பாவிடம் ஏதோ சொன்னாள். அப்பா விறுவிறுவென்று அடுக்களைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே வந்தபோது அவர் முகத்தில் ரத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை உறக்கத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காத மனிதர், அன்று படுக்கவில்லை. முற்றத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தார். ஒவ்வொரு முறையும் வாசற்படியில் நின்று, “என்னமும் செய்யுதா?” என்று கேட்பார். “ஒண்ணும் செய்யல்ல” என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும். மாமா முற்றத்து மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அக்காவின் குரல் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவரிடமும் ஒரு முறை கேட்டார்: “உனக்கு?” மாமா தலையாட்டினார். அவர்கள் இருவரும் அதுவரை அத்தனை அக்கறையாகப் பேசிக்கொண்டதில்லை.

எங்களைப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து வரச் சொல்லி அப்பா அனுப்பினார். வழக்கத்துக்கு மாறாக ஆளுக்கொரு தேங்காய். உடைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது வீடு ஓசையில்லாமல் இருந்தது. அப்பா வாசற்படியில் நின்று கேட்டார்: “என்னமும் செய்யுதா?”

பதில் இல்லை.

மறுபடியும் கேட்டார். பதில் இல்லை. நான் அவர் இடுப்பு வழியாக எட்டிப் பார்த்தேன். அம்மா அடுக்களைத் தரையில், சேலைத் தலைப்பைத் தலைக்கடியில் சுருட்டி வைத்து, ஒருக்களித்துக் கிடந்தாள். பகலில் அம்மா படுத்து நான் பார்த்ததில்லை. அப்பா அவளைப் பெயர் சொல்லி அழைத்தார். அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து நான் கேட்டதும் அதுதான் முதல் தடவை. குரல் பாதியில் உடைந்தது. மாமா எழுந்து ஓடி வந்து, உள்ளே நுழையப் பயந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா மண்டியிட்டு அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அம்மா கண் விழித்தாள். எங்களை மாறி மாறிப் பார்த்தாள். “கொஞ்சம் கண்ணசந்துட்டு. விளக்கு வைக்க நேரமாயிட்டா?” என்று கேட்டாள்.

அப்பா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மாமா கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

விளக்கு வைத்த பிறகு அம்மா எல்லோருக்கும் தீயல் விளம்பினாள். அப்பா மாமாவைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அந்த ருசியை எப்படிச் சொல்வது? பல்லில் பட்டால் வழுக்கி, கடித்தால் இழை இழையாகப் பிரிந்து, வறுத்த தேங்காயின் கசப்போரமும் புளியும் உள்ளே இறங்கியிருந்தது. இன்று நாங்கள் மிளகுப் பிரட்டலும் மஞ்சூரியனும் செய்து தின்கிற அந்த வெள்ளைப் பொத்தான்களுக்கு அந்த ருசியோடு தூரத்து உறவுகூடக் கிடையாது. அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். “நல்லா இருக்கு” என்று மாமாவைப் பார்த்தே சொன்னார். மாமாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அன்று என்ன பேச்சு நடந்தது என்று அப்பா சொல்லித் தெரிந்தது, எனக்குக் கல்யாணமாகி அம்மாவும் இறந்துபோன பிறகு. “கொட்டினா அவன் இனி இந்தப் படி ஏறமாட்டான். பிள்ளைகளுக்கு நேரே எடுத்து விளம்பவும் மனசு வரல்ல. அதுக்குத்தான் நான் முதல்ல தின்னேன். சந்தி வரைக்கும் பாப்போம்” என்றாளாம் அம்மா. சில நச்சுக் கூண்கள் மறுநாள்தான் வேலையைக் காட்டும் என்று நான் எங்கோ படித்தேன். அதை அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மா சாயங்காலம் வரை பார்த்தது சரியான சோதனையல்ல. அவளுக்குத் தெரிந்த சோதனை அதுதான்.

ஆனால் அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கல்லாற்றுக்குக் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க மாமா புறப்பட்டபோது, தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை வழியனுப்ப அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். முன்னால் அப்பா நடந்தார். பின்னால் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான்.

“மாமா, இனி எப்பம் கூண் கொண்டு வருவீங்க?”

“இனி கொண்டு வரமாட்டேன் மக்களே.”

“ஏன்? நல்லாத்தானே இருந்து?”

தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். அவர் கண் நிறைந்திருந்தது. எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. பாவம், தான் கஷ்டப்பட்டுப் பறித்து வந்ததை அம்மா தனியாகத் தின்றதில் மாமாவுக்கும் வருத்தம். என்னைப் போலவே அவரும் ஏமாந்திருக்கிறார். அவரைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. அவர் கையைப் பிடித்து இழுத்து, அப்பா காதில் விழாதபடி மெல்லச் சொன்னேன்:

“நீங்க கொண்டு வாங்க மாமா. அடுத்த தடவை அம்மாவுக்குத் தெரியாம நாம முதல்ல தின்னுரலாம்.”

மாமா என் கையை அழுத்திப் பிடித்தார். வலித்தது. விடச் சொன்னேன், விடவில்லை. பஸ் வரும் வரை விடவில்லை.