ஒடுக்குக்கு ஒரு வட்டம்

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் வாங்க, மச்சான். நீங்க குதிரை மேல இருக்கீங்க. குனிஞ்சு அடிக்கணும்."

நான் குதிரை மேல் இல்லை. என் தங்கை வீட்டு முன்னறையில், ஒரு கையில் தேநீரும் மறுகையில் நீளக் கரண்டியுமாக நிற்கிறேன். எதிர்ச் சுவரில் ஒரு பழைய இரும்பு மார்புக் கவசம். அதன் தோள் ஓரத்தில் ஓர் ஒடுக்கு, ஒடுக்கைச் சுற்றி சாக்பீஸ் வட்டம். கரண்டியின் மூக்கு அந்த வட்டத்துக்குள் சரியாகப் போய் உட்காரும்வரை மாப்பிள்ளை விடமாட்டார். உட்கார்ந்ததும், "பாத்தீங்களா? இந்த உயரத்துல இருந்துதான் வந்திருக்கு" என்று முகமெல்லாம் பல்லாகச் சிரிப்பார். அந்த வீட்டுக்கு வருகிற யாருக்கும் இந்தச் சேவகத்திலிருந்து விலக்கு கிடையாது. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் ஒருநாள் அரைமணி நேரம் இந்தக் கரண்டிக் கதாயுதத்தைத் தாங்கிவிட்டுத்தான் மீட்டரைப் பார்த்தார்.

மாப்பிள்ளைக்குத் தொழில் டிங்கர் வேலை. மோதி நசுங்கி வருகிற கார்களின் தகட்டைத் தட்டி நிமிர்த்துவார். பகலெல்லாம் ஊரார் வண்டியில் ஒடுக்கெடுக்கிற மனிதர், வீட்டில் ஒடுக்கு விழுந்த கவசங்களையும் கேடயங்களையும் பிள்ளை மாதிரி வளர்க்கிறார். ஆள் குள்ளம். விரல்கள் தடிமன். சுத்தியல் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டது. அதனால் யார் பேசினாலும் வலது காதைத் திருப்பிக் காட்டுவார். ஏதோ ரகசியம் கேட்கிறவர் போல இருக்கும். பதில் மட்டும் தெருமுனைவரை கேட்கும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. துவைக்கும்போதெல்லாம் என் தங்கை அந்தப் பைக்கு அர்ச்சனை செய்வாள்.

பழைய சாமான் கடைக்குள் நுழைந்தால் இரும்பின் மேல் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி, வலது காதை வைத்துக் கேட்பார். மேடை நாடகத்துக்குச் செய்த தகரக் கவசமென்றால் உடனே கீழே வைத்துவிடுவார். "இரும்பு பேசும் மச்சான். தகரம் சிணுங்கும்." இரும்பு பேசிவிட்டாலும் உடனே வாங்கமாட்டார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். எங்காவது ஓட்டை இருந்தால், தங்கமுலாம் பூசியிருந்தாலும் வேண்டாம். நானும் ஒருமுறை, "ஓட்டையும் அடிதானே, அதில் என்ன ஓரவஞ்சனை?" என்று சீண்டினேன்.

"ஓட்டை விழுந்தா அவன் போய்ட்டான், மச்சான். ஒடுக்கு விழுந்தா அவன் வீட்டுக்குப் போய்ட்டான். எனக்கு வீட்டுக்குப் போனவங்க போதும்."

பட்டறையிலும் இதே புத்திதான். எவ்வளவு பெரிய வண்டி வந்தாலும் முதல் கேள்வி, "உள்ள இருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" ஆகவில்லை என்றால்தான் சுத்தியலில் கை வைப்பார். ஏதாவது ஆகியிருந்தால் அந்த வண்டியைப் பங்காளி பார்த்துக்கொள்வார்.

பங்காளி என்பது பட்டறையில் பாதிக்குப் பங்கு உள்ளவர். அதிகம் பேசமாட்டார். தகட்டோடு மட்டும்தான் பேச்சு. மாப்பிள்ளை சாக்பீஸால் வட்டம் போடுவார், பங்காளி வட்டத்துக்குள் இருக்கிற ஒடுக்கை எடுப்பார். பட்டறையில் வட்டம் என்றால் 'இதை எடு' என்று அர்த்தம். வீட்டில் வட்டம் என்றால் 'இதைத் தொடாதே, ரசி' என்று அர்த்தம். இந்த இரண்டும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

என் தங்கை ஒன்றும் லேசுப்பட்டவள் அல்ல. முகமூடியோடு வந்த ஓர் இரும்புத் தலைக்கவசத்தில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். கேட்டால், "காத்தோட்டமா இருக்குண்ணே, அழுகவே மாட்டேங்குது" என்கிறாள். ஆனால் போன மாதம், கட்டிலுக்கடியில் கால் விரலை முழங்கால் கவசத்தில் இடித்துக்கொண்ட அன்று, தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இன்னொரு இரும்பு இந்த வாசப்படியைத் தாண்டி உள்ள வந்துச்சு, நான் தாண்டி வெளிய போயிடுவேன்."

அந்த நேரம் பார்த்துத்தான் கேடயம் வந்து சேர்ந்தது. எத்தனையோ வருடமாகத் தேடியது. வட்டக் கேடயம், நடுவில் குமிழ், உள்பக்கம் கை நுழைக்கிற தோல் வார் அறாமல் அப்படியே. குமிழுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒடுக்கு. எந்தக் கை வாங்கிய அடியோ, கைக்கு நேராக விழுந்திருக்கிறது, ஆனால் இரும்பு கிழியவில்லை. இப்படி ஒன்றுக்காகத்தான் மனிதர் தவமிருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பார்சலைப் பட்டறையிலேயே பிரித்து, ஒடுக்கைத் தடவிப் பார்த்து, சந்தோஷம் தாங்காமல் வழக்கம்போல வட்டம் போட்டுவிட்டு, பங்காளியின் மேசைமேல் வைத்துவிட்டு என்னைத் தேடி ஓடிவந்தார்.

"மச்சான், நீங்கதான் தங்கச்சிகிட்டப் பேசணும். அந்த ஒடுக்கை ஒரு தடவை பாருங்க. பாத்தா நீங்களே தூக்கிட்டு வந்து மாட்டுவீங்க."

வழியெல்லாம் ஒரே பேச்சு. அடித்தவன் இடதுகைக்காரனாக இருக்கலாமாம். அடிவாங்கியவன் அன்று ராத்திரி கை வீங்கிப்போய்ப் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கியிருப்பானாம். எனக்கே அந்த ஒடுக்கைப் பார்க்க அவசரம் வந்துவிட்டது.

பட்டறை வாசலில் பங்காளி நின்றுகொண்டிருந்தார். பேசாத மனிதர் அன்றைக்குப் பேசினார்.

"அண்ணே, உள்ள போய்ப் பாருங்க. கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்."

கேடயம் பளிச்சென்று இருந்தது. சாக்பீஸ் வட்டமும் இல்லை. ஒடுக்கும் இல்லை.

"உங்க வீட்டு வாசல்ல நின்னு உள்ள சுவத்தைப் பாக்கும்போதெல்லாம் நினைப்பேன். ஊர் வண்டிக்கெல்லாம் ஒடுக்கெடுக்குறாரு, சொந்தச் சாமானுக்கு எடுக்க நேரமில்லையே, பாவம்னு. இன்னைக்கு நீங்களே வட்டம் போட்டு என் மேசையில வச்சிட்டுப் போனீங்களா, விடுவேனா?"

"அடப்பாவி மனுஷா" என்று வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை என் காலை அழுத்தி மிதித்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. "கை கழுவிட்டு வர்றேன், பங்காளி" என்று பின்பக்கக் குழாய்க்குப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது. நானும் பங்காளியும் கேடயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் பெருமையாக, நான் எழவு வீட்டில் நிற்கிறவனாக.

திரும்பி வந்தவரின் முகம் ஈரமாக இருந்தது, கண்கள் சிவந்திருந்தன. கேடயத்தை எடுத்து, ஒடுக்கு இருந்த இடத்தை விரல்களால் தேடினார். ஒருமுறை தடவினார். மறுபடி தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பிறகு முட்டியால் தட்டி வலது காதை வைத்தார். அங்கேதான் அவர் முகம் மாற ஆரம்பித்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"பங்காளி. இவ்வளவு பழைய இரும்பு. சுத்தி பட்டா சடக்குனு கீறல் விடுமே. எப்படி எடுத்தீங்க?"

"மண் மூட்டை மேல கவுத்துப் போட்டு, லேசா சூடு காட்டினேன். உள்பக்கம் மரக் கொட்டாப்புளியால ஒத்தி ஒத்தி எடுத்தேன். கடைசியா மட்டும் சின்னச் சுத்தி. அந்தத் தோல் வாரைத் தொடவே இல்லண்ணே, தள்ளிக் கட்டிட்டேன்."

"எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியல." மாப்பிள்ளை சிரித்தார். பட்டறைக் கூரை அதிரும் அவருடைய சொந்தச் சிரிப்பு. "மச்சான், கையைக் கொடுங்க. தடவிப் பாருங்க. எங்க இருந்துச்சு சொல்லுங்க பாப்போம்."

நான் தடவினேன். தெரியவில்லை. மனிதர் ஆசையாய்த் தேடிய ஒடுக்கு போயே போய்விட்டது, அவர் என்னடாவென்றால் கொட்டாப்புளிக்காரரின் தோளைத் தட்டிக்கொண்டிருக்கிறார். பைத்தியத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் என் கோபமும் எங்கோ கரைந்துபோயிருந்தது.

மாப்பிள்ளை கேடயத்தைத் திருப்பி வார் இருக்கும் உள்பக்கத்தைப் பார்த்தார். சுத்தியல் பட்ட சின்னச் சின்னத் தடங்கள் அங்கே இருந்தன. வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும்.

"இத்தனை வருஷமா ஒவ்வொரு ஒடுக்கையும், யாருப்பா அடிச்சதுன்னு கேட்டுட்டே இருக்கேன்" என்றார். "ஒண்ணுகூடச் சொன்னதில்ல. இதுலதான் அடிச்சது யாருன்னு எனக்குத் தெரியும்."

சட்டைப்பைக்குள் கை போனது. பங்காளி உடனே கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டார். "இன்னும் இருக்காண்ணே?"

"இல்ல, இது எடுக்குறதுக்கு இல்ல. அதைக் கீழ வைங்க."

கேடயத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கை பிடிக்கிற பக்கத்தில், பங்காளியின் சுத்தியல் தடங்களைச் சுற்றி, மெதுவாக ஒரு வட்டம் போட்டார்.